ஈறைப் பாருங்கள், அப்புறம் ஓடலாம்
வாசகர் கேள்வி – பதில்: வளர்ப்பு நாய்களுக்கு முதலுதவி

வந்திருக்கும் கேள்விகளில் நிறைய ‘என்ன கொடுக்கலாம்?’ என்றே முடிகின்றன. பல இடங்களில் பதில் ‘ஒன்றும் கொடுக்காதீர்கள்’ என்பதுதான். முதலுதவியில் பாதி வேலை பார்ப்பதும் எண்ணுவதும். மருந்து கொடுப்பது அதில் மிகச் சிறிய பகுதி.

கேள்வி: நாய் சுருண்டு படுத்துக்கொண்டு எழ மறுக்கிறது. இது சும்மா சோம்பலா, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலையா? மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்கிறார்களே?

பதில்: மூக்கை விட்டுவிடுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும். கடும் காய்ச்சல் உள்ள நாய்க்கும் ஈரமாக இருக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிர் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் ஓர் இடத்தை அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் சரியில்லை என்று பொருள். வெளுத்த ஈறு ரத்த இழப்பையோ அதிர்ச்சி நிலையையோ (உடலின் ரத்த ஓட்டம் சரிந்த நிலை) காட்டுகிறது. நீலம் பாய்ந்திருந்தால் ஆக்சிஜன் போதவில்லை. செங்கல் சிவப்பு என்றால் வெப்பத் தாக்கு, தொற்று, சில விஷங்கள் ஆகியவற்றை நினைக்க வேண்டும். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையை மெல்ல இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள்.

அடுத்தது மூச்சு. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். நாடியைப் பின்தொடையின் உட்புறம், இடுப்போடு சேரும் இடத்தில் விரல் வைத்தால் உணரலாம். ஓய்வில் 60 முதல் 140 வரை இருக்கும்; பெரிய நாய்க்குக் குறைவு, சின்ன நாய்க்கு அதிகம். வெப்பநிலையை ஆசனவாயில்தான் அளக்க வேண்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் பெட்ரோலியம் ஜெல்லி தடவி 2 செ.மீ. உள்ளே விடுங்கள். 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இயல்பு. நமக்குக் காய்ச்சல் என்று தோன்றும் சூடு நாய்க்கு வழக்கமான சூடு.

இந்த நான்கையும் நாய் நன்றாக இருக்கும் ஒரு நாளில் அளந்து, அதன் எடையோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்கள் நாய்க்கு எது வழக்கம் என்று தெரியாமல் எது கோளாறு என்று சொல்ல முடியாது.

கேள்வி: நடைக்குப் போய் வந்த பக் நாய்க்கு மூச்சு வாங்கியது, எச்சில் கட்டியாக வழிந்தது, கால் தள்ளாடியது. ஈரத் துண்டை மேலே போர்த்தி வைத்தோம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ரத்தக்குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே நின்றுவிடும் என்று சொன்னதால் ஊற்றவில்லை. சரிதானா?

பதில்: இரண்டும் தவறு. நல்ல எண்ணத்தில் எல்லாரும் செய்கிற தவறுதான்.

நாய்க்கு வியர்வை என்பது பாதத்தில் மட்டும், அதுவும் பேருக்கு. வாயைத் திறந்து மூச்சிரைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அந்த வழியே குறுகல். உடல் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கப்படும். ஆக, இங்கே எதிரி நேரம்தான்.

போர்த்திய துண்டு சில நிமிடங்களில் நாயின் சூட்டுக்கே வந்துவிடும். அதன்பின் அது கம்பளி மாதிரி. ஈரம் ஆவியாகவும் விடாது. ரத்தக்குழாய் சுருங்கும் என்பது பழைய பயம். சூட்டில் தவிக்கும் நாயைக் குளிர்ந்த நீர் வேகமாகக் குளிர்விக்கிறது என்பதுதான் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட நிலை. நாயின் உடலைவிடக் குளிர்ச்சியான எந்தத் தண்ணீரும் உதவும். குழாய்த் தண்ணீர் போதும். ஐஸ் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது: நிழலுக்கு நகர்த்துங்கள். இளம், திடமான நாயாக இருந்தால் கழுத்து வரை தொட்டியில் இறக்கலாம், தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. வயதான நாய், இதய நோயுள்ளது, சப்பை மூக்குக்காரர் என்றால் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறியை முழு வேகத்தில் விடுங்கள். முடி அடர்த்தியாக இருந்தால் விரலால் விலக்கித் தோல் நனையும்படி ஊற்ற வேண்டும். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகக் கூடாது. தானாகக் குடித்தால் குடிக்கட்டும்; வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து, 39.5 டிகிரிக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். நிறுத்திய பிறகும் சூடு தொடர்ந்து இறங்கும். நிறுத்தாவிட்டால் குளிர் நடுக்கத்தில் போய் முடியும். குளிர்விப்பது முதலில், வண்டியில் ஏற்றுவது அடுத்து. போகும்போதும் ஏசியையோ ஜன்னல் காற்றையோ நாய் மேல் படவிடுங்கள். எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகக் கோளாறும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

கேள்வி: நகம் வெட்டும்போது ரத்தம் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. தரையெல்லாம் ரத்தம்.

பதில்: நகத்துக்குள் ஓடும் ரத்தக்குழாயை வெட்டிவிட்டீர்கள். பயப்பட வேண்டாம். நாயின் உடலில் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி ரத்தம் உண்டு. 10 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 850 மில்லி. தரையில் நடந்து நடந்து பூசிய இரண்டு ஸ்பூன் ரத்தமே கொலைக்களம் போலத் தெரியும். சோளமாவை உள்ளங்கையில் கொஞ்சம் குவித்து, நக முனையை அதில் அழுத்தி 5 நிமிடம் பிடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். அன்று முழுக்க ஓட்டம் வேண்டாம். 15 நிமிடம் அழுத்தியும் கசிந்தால் ரத்தம் உறைவதிலேயே கோளாறு இருக்கலாம், காட்டுங்கள்.

கேள்வி: பாதத்தில் கண்ணாடி கிழித்தது. பஞ்சு வைத்து, கிரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டினேன். மறுநாள் விரல்கள் வீங்கி, பாதம் சில்லென்று ஆகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: மூன்று இடங்களில். பஞ்சைக் காயத்தின் மேல் நேரடியாக வைத்தது ஒன்று. இழைகள் காயத்தில் ஒட்டி, எடுக்கும்போது பிய்க்கும். இழுவிசை உள்ள துணியை இழுத்துக்கொண்டே சுற்றியது இரண்டு. மறுநாள் வரை பார்க்காமல் விட்டது மூன்று.

முதலில் ரத்தம் நிற்கட்டும். சுத்தமான துணியை வைத்துக் கையால் 5 நிமிடம், கடிகாரம் பார்த்து அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். கண்ணாடி ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக இருக்கும். கயிறு கட்டி ரத்தத்தை நிறுத்துவது, உயிர் போகும் அளவு பீறிட்டு அழுத்தியும் நிற்காதபோது மட்டும்.

கட்டு போடும் வரிசை: காயத்தின் மேல் ஒட்டாத டிரெஸ்ஸிங். விரல்களுக்கு இடையில் சிறு பஞ்சுத் துண்டுகள், வியர்வை தேங்கிப் புண்ணாகாமல் இருக்க. அதன் மேல் பஞ்சுச் சுருள், அப்புறம் காஸ் (மெல்லிய வலைத் துணி), கடைசியில் தன்னோடு தானே ஒட்டும் பேண்டேஜ். விரல் நுனியில் தொடங்கி மேல் நோக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடட்டும். மேலிருந்து கீழே வந்தால் ரத்தம் பாதத்தில் தேங்கும். ஒட்டும் பேண்டேஜைச் சுருளிலிருந்து கொஞ்சம் அவிழ்த்துத் தளர்த்திக்கொண்டு, பிறகு வைத்துப் போக வேண்டும். கட்டின் மேல் விளிம்புக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

நடு விரல்கள் இரண்டின் நகமும் வெளியே தெரியட்டும். நம் எச்சரிக்கை விளக்கு அதுதான்: நெருக்கமாக இருந்த அந்த இரண்டு நகங்களும் விலகத் தொடங்கினால் பாதம் வீங்குகிறது, உடனே அவிழ்த்துவிடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். நனைந்தால், நாறினால், நாய் விடாமல் கடித்தால் அதை அடம் என்று நினைக்காதீர்கள், உள்ளே வலிக்கிறது. வீட்டுக் கட்டின் ஆயுள் ஒரு நாள்.

கேள்வி: நாய் ஒரு முழு சாக்லேட் பாரைத் தின்றுவிட்டது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்: உப்புத் தண்ணீர் கூடவே கூடாது. வாந்தி வராவிட்டால் அந்த உப்பு ரத்தத்தில் ஏறி மூளையைப் பாதிக்கும், வலிப்பு வரும். சாக்லேட்டை விட்டு உப்பால் உயிரிழந்த நாய் என்று ஆகக் கூடாது.

கணக்குப் போடுங்கள். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின்தான் விஷம். மில்க் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மி.கி., டார்க் சாக்லேட்டில் 5 மி.கி. அளவில் இருக்கும்; கேக்குக்குப் பயன்படும் இனிப்பில்லாத கட்டியில் 14-ஐத் தாண்டும். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. போனால் வாந்தி, பேதி, படபடப்பு. 40 முதல் 50 போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60 அளவில் வலிப்பு. 10 கிலோ நாய் 100 கிராம் மில்க் சாக்லேட் தின்றால் கிலோவுக்கு 20 மி.கி.; அதே அளவு டார்க் என்றால் 50. ஒரே பார்தான், ஆனால் முதலாவது தொல்லை, இரண்டாவது அவசரம். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போங்கள்.

வாந்தி எடுக்க வைக்கும் ஊசி மருத்துவரிடம் உண்டு. தின்ற 2 மணி நேரத்துக்குள் போனால் பெரும்பாலும் பயன் இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு உணவுக்குழாயையும் வயிற்றையும் புண்ணாக்கும் என்பதால், மருத்துவர் போனில் அளவு சொன்னால் ஒழிய அதைத் தொட வேண்டாம். ஆசிட், கழிவறைச் சுத்திகரிப்பான், மண்ணெண்ணெய், பெட்ரோல் குடித்த நாய்க்கும், மயங்கிக் கிடக்கும் நாய்க்கும் வாந்தியே கூடாது.

சாக்லேட்டைவிட எனக்கு அதிகம் கவலை தருவது ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அச்சிட்ட சூயிங்கம். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால், கிலோவுக்கு 0.1 கிராமே நாயின் ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கிவிடும், சில சமயம் அரை மணியில். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த நாய்க்கு எத்தனை என்று கணிக்க முடியாததால் எத்தனை தின்றாலும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் எலி மருந்தில் இன்னொரு சூது: மூன்று நான்கு நாள் நாய் ஜம்மென்று திரியும், பிறகுதான் ரத்தக் கசிவு. ‘தின்று ஒன்றும் ஆகவில்லையே’ என்று காத்திருப்பது அங்கேதான் ஆபத்து.

கேள்வி: கால் வலிக்கு நாம் போடும் மாத்திரையில் கால்வாசி கொடுத்தால் என்ன?

பதில்: இபுப்ரோஃபென் வயிற்றில் புண்ணும் சிறுநீரகச் சேதமும் தரும். பாராசிட்டமால் ஈரலைத் தாக்கும். கால்வாசி என்பது 60 கிலோ மனிதருக்கும் 6 கிலோ நாய்க்கும் இடையிலான கணக்கில் சேராது. மேலும், இன்று இதைக் கொடுத்துவிட்டால் நாளை மருத்துவர் நாய்க்கான சரியான வலிநிவாரணியைக் கொடுக்க முடியாமல் நாள் கடத்த நேரும்.

கேள்வி: எலும்பு தொண்டையில் சிக்கிக்கொண்டால்? மூச்சு நின்றுவிட்டால் நாய்க்கும் நெஞ்சை அழுத்தலாமா?

பதில்: சத்தமாக இருமினால் காற்று போகிறது, இருமவிடுங்கள். கழுத்தை நீட்டி, முழங்கையை விரித்து நின்று, மூக்கால் காற்றை உள்ளிழுத்துக் குறட்டை போல் சத்தம் போட்டு, ஒரு நிமிடத்தில் தானே தெளிந்தால் அது தலைகீழ்த் தும்மல், ஈறு சிவப்பாகவே இருக்கும். சத்தமே இல்லாமல் வாயைப் பிறாண்டி, ஈறு நீலமானால்தான் அடைப்பு.

வாயைத் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்து, பிடிக்க முடிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். பந்து என்றால் வழுக்கும். தாடைக்குக் கீழே தொண்டையில் வெளியிலிருந்து கட்டைவிரல்களால் பந்தின் பின்புறத்தை வாய் பக்கம் தள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் சின்ன நாயைப் பின்கால் மேலாகத் தூக்கித் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. பெரிய நாய்க்குப் பின்னால் நின்று, விலா முடியும் இடத்துக்குக் கீழே முஷ்டியை வைத்து உள்ளும் முன்னும் 5 முறை குத்தி அழுத்துங்கள்.

அழைத்தால் அசைவில்லை, மூச்சில்லை என்றால் நாடியைத் தேடி நிற்காமல் நெஞ்சை அழுத்தத் தொடங்கலாம். விலங்குகளுக்கான ‘ரெகவர்’ உயிர்மீட்பு வழிகாட்டுதல்கள் 2012-இல் வந்து 2024-இல் புதுப்பிக்கப்பட்டன. அதன் கணக்கு: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமுக்கி, ஒவ்வொரு முறையும் முழுதாக எழும்ப விடுங்கள். கை வைக்கும் இடம் உடல்வாகைப் பொறுத்தது. லேப்ரடார் போன்ற உருண்ட நெஞ்சுக்கு நெஞ்சின் மிக அகலமான பகுதி. கிரேஹவுண்ட் போல் ஒடுங்கி ஆழ்ந்த நெஞ்சுக்கு முழங்கைக்குப் பின்னால், நேரே இதயத்தின் மேல். புல்டாக் போன்ற தட்டை நெஞ்சுக்காரரை மல்லாத்தி மார்பெலும்பின் மேல், ஆழம் சற்றுக் குறைவாக, கால் பங்கு. மிகச் சின்ன நாய்க்கு ஒரே கையால் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து அமுக்கலாம். மூச்சு கொடுக்க வாயை மூடிப் பிடித்து, மூக்கின் மேல் வாய் வைத்து, நெஞ்சு எழும் அளவு மட்டும் ஊதுங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் உங்களுக்கே தெரியாமல் அழுத்தம் குறைந்துவிடும்.

கேள்வி: வலிப்பு வரும்போது நாக்கைக் கடிக்காமல் வாயில் ஸ்பூன் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நாய் நாக்கை விழுங்காது. உங்கள் விரல்தான் போகும். மேசை நாற்காலியை விலக்குங்கள், மாடிப்படி பக்கம் போகாமல் தடுங்கள், விளக்கையும் டிவியையும் அணையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். 5 நிமிடம் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டாம் முறை வந்தாலோ அவசரம். நின்ற பிறகு கண் தெரியாததுபோல் முட்டி மோதித் திரியும், உங்களையே அடையாளம் தெரியாமல் கடிக்கலாம். தெளியும் வரை சோறும் தண்ணீரும் வேண்டாம். சின்ன இனக் குட்டி, வெகு நேரம் சாப்பிடாதது என்றால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். வலிப்பு நின்றபின் ஈறில் துளி தேன் தடவிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: வாந்திக்கு ஓங்கரிக்கிறது, ஒன்றும் வரவில்லை, வயிறு உப்பலாக இருக்கிறது. ஜீரண மருந்து?

பதில்: எதுவும் வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த நெஞ்சு இனங்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும். இரு முனையும் அடைபட்டதால்தான் ஓங்கரித்தும் வருவதில்லை. அறுவை மட்டுமே வழி. காலை வரை பார்ப்போம் என்றால் காலையில் நாய் இருக்காது.

கேள்வி: உண்ணியைத் தீக்குச்சியால் சுடலாமா?

பதில்: சுட்டாலும் மண்ணெண்ணெய் விட்டாலும் அது தன் வயிற்றில் உள்ளதை நாயின் உடலுக்குள் கக்கும் அபாயம் உண்டு. நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள்.

கேள்வி: வேறொரு நாய் கடித்ததில் சின்னத் துளை இரண்டுதான். ஆறிவிடும்தானே?

பதில்: வெளியே மிளகளவு துளை, உள்ளே உள்ளங்கையளவு கிழிசல், கோரைப்பல் கடி அப்படித்தான். பல் இறங்கியபின் தலையை உதறும்போது தோல் அசைந்து, அடியில் உள்ள சதை கிழிகிறது. துளை சீக்கிரம் மூடி, சீழ் உள்ளே தேங்கும். கையுறை போடுங்கள், கடித்த நாயின் எச்சில் முடியில் இருக்கும். காயத்தின் மேல் தண்ணீரில் கரையும் ஜெல் வைத்துச் சுற்றி முடியை வெட்டினால் முடி உள்ளே விழாது. கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மட்ட டீஸ்பூன் உப்பு கலந்து, ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். ஸ்பிரிட்டும் பெராக்சைடும் ஆறவேண்டிய திசுவையும் சேர்த்துச் சுடும். அன்றே காட்டுங்கள், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் ரேபிஸுக்கு மறு ஊசி வேண்டும். பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உதறியிருந்தால் தோலில் கீறலே இல்லாவிட்டாலும் நெஞ்சுக்குள் அடிபட்டிருக்கலாம். விலக்கப் போய் உங்களுக்குக் கடி விழுந்தால், சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம், பிறகு நீங்களும் மருத்துவரிடம்.

கேள்வி: வண்டி மோதிக் கால் உடைந்த நாயைத் தூக்கப் போனால் கடிக்க வருகிறது. கட்டை வைத்துக் கட்டலாமா?

பதில்: வலியில் எந்த நாயும் கடிக்கும். ஒரு மீட்டர் நீள காஸ் துணியில் பெரிய கண்ணி போட்டு மூக்கின் மேல் மாட்டி, மேலே ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழே குறுக்காக மாற்றி, காதுக்குப் பின்னால் எளிதில் அவிழும்படி கட்டுங்கள். வாந்தி எடுக்கிற, மூச்சு திணறுகிற, சூடேறிய நாய்க்கும் சப்பை மூக்குக்காரருக்கும் இது கூடாது. அவர்களுக்குத் தலைப் பக்கம் தடிமனான துண்டைச் சுருட்டி அணையாக வையுங்கள்.

கட்டை வேண்டாம். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாமல் இருந்தால்தான் கட்டையால் பயன். தொடை எலும்பு உடைந்த நாய்க்கு இடுப்பு மூட்டை வீட்டில் யாராலும் கட்ட முடியாது. கீழே தொங்கும் கட்டையின் கனம் நெம்புகோல் மாதிரி உடைந்த இடத்தையே இழுக்கும். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், உப்புநீரில் நனைத்த சுத்தமான காஸால் மூடுங்கள். முதுகெலும்பிலும் அடிபட்டிருக்கலாம் என்றே எண்ணி, பலகையையோ கெட்டியான போர்வையையோ பக்கத்தில் வைத்து, தோளையும் இடுப்பையும் பிடித்து இருவராக ஒரே நேரத்தில் அதன் மேல் இழுங்கள். தூக்கி வைக்க வேண்டாம், நகர்த்தினால் போதும்.

வண்டி கிளம்பும்போதே இன்னொருவர் மருத்துவமனைக்குப் போன் செய்யட்டும்: நாயின் எடை, என்ன நடந்தது, ஈறு என்ன நிறம், எத்தனை நிமிடத்தில் வருவீர்கள். ஆக்சிஜனையும் எக்ஸ்ரேயையும் அவர்கள் தயாராக வைக்க அந்த நான்கு விவரம் போதும்.